தட்டுக்கு மேலே கால் அங்குலம்

ஓட்டையில்லாத சேலையோடு ரீச்சரை நான் ஒரே ஒருநாள்தான் கண்டேன். மற்ற நாட்களிலெல்லாம் முழங்காலுக்குக் கீழே, கொய்யக மடிப்புகளில், கடுகளவு, மிளகளவு என்று ஓட்டைகள் இருக்கும். பூச்சி அரித்ததல்ல, கார்ப் பற்றரியின் அசிற் தெறித்தது. பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் இரசாயனம் படிப்பித்தவர். அசிற் பட்டால் துணி என்னாகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு அதே ஓட்டைச் சேலையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருவார். பின்னால் பெட்டைகள் சிரிப்பது அவருக்கும் தெரியும். ஓட்டைகளை நூல்விட்டுத் தைப்பாரே தவிர, வேலை செய்யும்போது ஒரு பழஞ்சீலையைச் சுற்றிக்கொள்வோம் என்று அவருக்குத் தோன்றியதேயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்குப் போகிறவர்கள் உடுத்துகிற மாதிரி உடுத்துத் தலைவாரிக்கொண்டுதான் பற்றரி பார்க்க வருவார்.

அச்சுவேலியில் எங்கள் வளவும் அவருடைய வளவும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் கிடுகு வேலி, அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் நான் கிளாக்கர். கலியாணம் முடித்த கையோடு அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, ரீச்சருக்கு முப்பது இருக்கும். அறுபதாம் ஆண்டுக்கு முன்பின்னான காலம்.

கார் எஞ்சினியருடையது. எஞ்சினியர் என்பவர் ரீச்சரின் கணவர். மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவர் ஊரைவிட்டுக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. கூரையில்லாத, நிலத்தோடு ஒட்டிய, பச்சை நிற இங்கிலாந்துக் கார். பந்தயத்துக்கென்று செய்தது என்பார்கள். சீற் இரண்டே இரண்டு. பின்னுக்கு ஒரு பூசணிக்காயைக்கூட வைக்க இடமில்லை. அந்தக் காரிலே புது மனைவியை இருத்திக்கொண்டு தொண்டைமானாற்றுப் பாலத்தைத் தாண்டி அவர் போன வேகத்தை ஊர் பல வருஷம் கதைத்தது. கலியாணம் முடித்துப் பதினொரு மாதத்தில் மேற்படிப்புக்கென்று இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரண்டு வருஷம் என்றுதான் சொன்னார். நான் குடிவந்தது அவர் புறப்பட்ட அதே மாதத்தில்.

போகிற கிழமை என்னைக் கூப்பிட்டார். எனக்குச் சொந்தமாக ஒரு கிழட்டுக் கார் இருந்தது என்பதுதான் என்னிடம் அவர் கண்ட தகுதி. கொட்டகைக்குக் கூட்டிப்போய் சீற்றுக்குப் பின்னால் இருந்த பலகையைத் தூக்கிக் காட்டினார். கீழே ஒரு குழிக்குள் ஆறு வோல்ற் பற்றரிகள் இரண்டு இருந்தன. இரண்டையும் ஒரு வயரால் தொடுத்துப் பன்னிரண்டாக்கியிருந்தார்கள். மற்றக் கார்களில் முன்மூடியைத் திறந்தால் பற்றரி தெரியும். இதில் தெரியாது. பிறகு ஒருமுறை சுன்னாகத்து மெக்கானிக் ஒருவர் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணித்தியாலம் தேடிவிட்டு, "ரீச்சர், உங்கடை பற்றரியை ஆரோ களவெடுத்துப்போட்டாங்கள்" என்று சொன்னது வேறு கதை.

காரை வாரத்துக்கு ஒருமுறை இருபது மைலாவது ஓடவேண்டும், ஓடினால்தான் டைனமோ பற்றரிக்கு ஏற்றும் என்று எஞ்சினியர் எனக்குச் சொன்னார். உள்ளேயிருக்கும் ஈயத் தட்டுகள் மூழ்கத் தண்ணீர் பார்ப்பதையும் அசிற்றின் பலத்தை அளப்பதையும் ரீச்சருக்குச் சொன்னார். கண்ணாடிக் குழலும் அதற்குள் மிதவையும் இறப்பர்க் குமிழும் உள்ள ஹைட்ரோமீற்றரை ரீச்சர் கையில் கொடுத்தபோது, அவர் இரசாயனம் படித்தவர் என்பதை மறந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தார். ரீச்சரும் தெரியாதவர் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றார். "தட்டுக்கு மேலை கால் அங்குலம் தண்ணி நிக்கவேணும். கூடவும் படாது, குறையவும் படாது. என்ன, விளங்குதோ?" என்று எஞ்சினியர் கேட்டார். "ஓம்" என்றார் ரீச்சர். பதினேழு வருஷம் அந்த ஓமை அவர் காப்பாற்றினார்.

கார் ஓட்டுகிற வேலை எனக்கு வந்தது எப்படி என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். ரீச்சருக்குக் கார் ஓடத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் காலத்தில் அச்சுவேலிச் சந்தியால் ஒரு பெண் கூரையில்லாத கார் ஓடிப்போக விட்டிருக்கமாட்டார்கள். நான் ஓட, அவர் பக்கத்தில் இருந்து வரலாமே என்றால், அது அதைவிட மோசம். நாலு சீற்றுக் காராயிருந்தால் என் மனைவி முன்னுக்கும் ரீச்சர் பின்னுக்கும் இருந்து போய் வந்திருக்கலாம். இரண்டு சீற்றுக் காரில் பிற ஆம்பிளைக்குப் பக்கத்தில் இருக்கிற இடம் ஒன்றுதான், அந்த இடத்தில் பெண்சாதியைத் தவிர வேறொருத்தி இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவும் தேவையில்லை. என் மனைவியும் அந்தச் சீற்றில் இருக்க மாட்டேன் என்றுவிட்டாள், அது ரீச்சரின் இடமாம். ஆக, பதினேழு வருஷம் அந்தக் காரை ஓட்டியவன் நான் ஒருவன். அதை உயிரோடு வைத்திருந்தவர் ஒருநாளும் அதில் ஏறவில்லை. ஞாயிறு காலையில் நான் காரை வெளியே எடுக்கும்போது படலையைத் திறந்துவிட்டு ஒரு பக்கமாக நிற்பார். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நிற்பார்.

தண்ணீர்தான் அவருடைய பெரிய வேலை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலில் ஒரு மாதம் கொதிக்கவைத்தால் உள்ளே வெள்ளைப் படை பிடிக்கும். அதைப் பற்றரிக்கு விட்டால் தட்டு கெட்டுப்போகும். பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் வடித்த தண்ணீர் போத்தல் போத்தலாய் இருந்தது. ஒரு போத்தலைக் கொண்டுவந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். "அது பிள்ளையளின்ரை தண்ணி" என்று சொல்லிவிட்டார். ஐப்பசியில் மழை தொடங்கும்வரை காத்திருப்பார். முதல் மழையைத் தொடமாட்டார், அது காற்றைக் கழுவுகிற மழையாம். இரண்டாவது மழைக்கு முற்றத்து வெளியில் நாலு கம்பு நட்டு ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டுவார். நடுவில் கழுவிய சிறு கல் ஒன்றை வைத்தால் துணி குழியும், தண்ணீர் அந்த இடத்தால் இறங்கிக் கீழே வைத்த கண்ணாடிப் போத்தலுக்குள் விழும். ஒரு மாரிக்குப் பத்துப் பன்னிரண்டு போத்தல் சேர்த்து, அலுமாரியில் பூட்டி வைத்துக்கொள்வார்.

அந்த வேட்டி எஞ்சினியரின் கலியாண வேட்டி. கரையில் சரிகை இருந்ததால் ஊருக்கு அது தெரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிற புருஷனின் கூறை வேட்டியை மழையில் கட்டுகிறாளே என்று கிழவிகள் நெஞ்சில் கைவைத்தார்கள். வேறு துணி இல்லையா என்று என் மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள். வீட்டிலுள்ள துணியெல்லாம் சவர்க்காரம் போட்டுத் துவைத்த துணி, இது மட்டும் ஒருநாள் உடுத்தது, சவர்க்காரம் படாதது என்று ரீச்சர் விளக்கம் சொன்னார். சரியான விளக்கம்தான். 

எஞ்சினியரிடமிருந்து கடிதம் வந்தால் ரீச்சர் வேலிப் பொட்டால் வருவார். நீலக் கடுதாசியை இரண்டாக மடித்துப் பிடித்துக்கொண்டு, எனக்குரிய பகுதியை மட்டும் வாசிப்பார். பற்றரி மாற்றுவதென்றால் இரண்டையும் ஒன்றாக மாற்று, ஒரே கொம்பனி, ஒரே மாதத்தில் செய்ததாகப் பார்த்து வாங்கு என்று எழுதியிருப்பார். முனைகளில் பச்சை பூத்தால் சோடாத்தூள் தண்ணீர் ஊற்றிக் கழுவி வசிலின் பூசு என்று எழுதியிருப்பார். மடித்த பாதியை ரீச்சர் ஒருநாளும் விரித்ததில்லை. புருஷன் பெண்சாதிக்கு எழுதுவதில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன வேலை என்று நானும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். இரண்டு வருஷம் நாலாகி, நாலு ஆறானது. ஒருநாள் ரீச்சர் வாசித்த வசனம் ஒன்று எனக்கு ஏற்கெனவே கேட்ட வசனமாக இருந்தது. எஞ்சினியருக்கும் எழுத விஷயம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ரீச்சரிடம் கனிவு இல்லை என்று ஊரில் பலர் சொன்னார்கள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஒருமுறை கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரரின் பற்றரி நடுவில் இறங்கிவிட்டது. கோயில்காரர் மூன்று பேர் வந்து ரீச்சரிடம் பற்றரி கேட்டார்கள். சுவாமி காரியம், நாளைக்குத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். ரீச்சர் மாட்டேன் என்றார். அது கார் ஸ்டார்ட் எடுக்கிற பற்றரி, ஒரு நொடியில் முழுப் பலத்தையும் கொடுத்துவிட்டுப் பிறகு ஆறுதலாய் ஏற்றிக்கொள்ளும், விடியவிடியப் பாட்டுப் போட்டால் தட்டு செத்துவிடும், பாட்டுக்கு உரிய பற்றரி வேறு என்று வகுப்பெடுப்பதுபோல விளங்கப்படுத்தினார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கோயில்காரருக்கு அது திமிராகத்தான் பட்டது. "வராத புருஷனுக்குப் பற்றரி காக்கிறா. இலவு காத்த கிளி" என்று ஒருவர் படலைக்கு வெளியே, கேட்கட்டும் என்றே சொன்னார். ஊர்வாயை மூட உலைமூடியில்லை. ரீச்சர் படலையைப் பூட்டிவிட்டு உள்ளே போனார்.

ஆனால் எனக்கு அவர் செய்ததையும் சொல்லவேண்டும். என் மூத்தவள் பிறந்த நாள். ஒரு லீவு நாள், காலை பத்துமணி, அடைமழை. மனைவிக்கு நோவு தொடங்கி நேரத்தோடு நேரம் கூடிக்கொண்டு போனது. நான் என் காரில் ஏறித் திறப்பைத் திருப்பினேன். ஒருமுறை முனகியது, பிறகு அதுவுமில்லை. கண்டிப் பக்கமென்றால் பள்ளத்தில் உருட்டிவிட்டுக் கியரில் போட்டு எழுப்பலாம். யாழ்ப்பாணத்தில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. பற்றரி செத்தால் தள்ளுவதற்கு நாலு ஆள் வேண்டும், அந்த மழையில் எந்த ஆளும் இல்லை. வேலிப் பொட்டால் பாய்ந்து போனேன். என் கார் முனகிய சத்தம் கேட்டே ரீச்சர் கொட்டகைக்குப் போய்விட்டார். காரை மூடியிருந்த தறப்பாளை இழுத்துக் கீழே போட்டுவிட்டுத் திறப்பை நீட்டிக்கொண்டு நின்றார். கார் தாருங்கள் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. தறப்பாளையே மனைவியின் தலைக்கு மேலே போர்த்திக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று அங்கே சொன்னார்கள்.

பின்னேரம் ரீச்சர் பஸ்ஸில் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, எங்கடை காரிலை எத்தனை தரம் திறப்பைத் திருப்பினனீர்?" என்று கேட்டார். ஒருக்காத்தான் என்றேன். பல் தெரிய அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அப்படிப்பட்டவருக்கு நான் செய்தது இது. மகளுக்கு நாலு வயதாயிருந்தபோது என்னோடு வேலை செய்த ஒருவர், இலண்டனில் இருக்கும் தன் தம்பி அனுப்பிய படம் ஒன்றைக் காட்டினார். யாருடையதோ பிறந்தநாள் விழா. ஓரத்தில் எஞ்சினியர் நின்றார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை, எஞ்சினியரின் கையைப் பிடித்தபடி இன்னொன்று. உங்களூர் எஞ்சினியரெல்லோ, அவர் அங்கே குடும்பமாய் இருக்கிறாராம் என்றார் அந்த மனிதர், சாதாரணமாக. நான் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரீச்சர் படலையைத் திறந்துவிட, நான் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

ரீச்சருக்கு மனம் உடைந்துவிடும் என்று பயந்துதான் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. உண்மை என்னவென்றால் எனக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது. ஆறு நாளும் கச்சேரியில் மேலதிகாரி ஏசுவதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறவன், ஏழாம் நாள் தொண்டைமானாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க, வலை காயப்போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்க, வல்வெட்டித்துறைக் கடற்கரை வீதியால் போவேன். நான் வாயைத் திறந்தால் அந்தக் கார் நின்றுவிடும். ஏழு வருஷம் வாயைத் திறக்கவில்லை. என்னுடைய மகளின் உயிரைக் காப்பாற்றியவரை நான் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு விற்றேன். வேறு எப்படிச் சொல்வது?

எழுபதுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் வராத காலம் வந்தது. பற்றரிகள் இரண்டும் கிழடாகிவிட்டன, அது மூன்றாவது சோடி. ரீச்சர் கொப்பித் தாளில் பற்றரியின் நீள அகலத்தை வெட்டி எடுத்து, முனை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று பேனையால் குறித்து, அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கடையெல்லாம் ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு கடையில் அந்த அளவில் ஒரு பற்றரி கிடைத்தது. ஒன்றே ஒன்று. ஒன்றாவது கிடைத்ததே, கொண்டுபோங்கள் என்று கடைக்காரர் கெஞ்சாத குறை. ரீச்சர் அதை வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்றைப் பூட்டினாலும் கொஞ்சக் காலம் ஓடுமே என்று கத்தினேன். என் சவாரி போய்விடும் என்ற கவலை எனக்கு.

"புதுசையும் பழசையும் சேத்துப் பூட்டக்கூடாது, தம்பி" என்றார் அவர். "பழசு புதுசையும் தன்னோடை இழுத்துக்கொண்டு விழுந்திடும். நல்லாயிருக்கிறதை ஏன் வீணாய்ச் சாகக் குடுப்பான்?"

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து லொறிக்காரர் மூலம் ஒரு சோடி எடுப்பித்தார். அந்த இரண்டு மாதமும் பழசுகளை வீட்டிலேயே ஒரு சின்னச் சார்ஜரில் போட்டு, நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்திருந்தார். ஒரு ஞாயிறும் தவறவில்லை.

பதினேழாவது வருஷம் எஞ்சினியர் வந்தார். தாய் இறந்து, காணிகளை விற்று முடிக்க இரண்டு கிழமை லீவில் வந்திருந்தார். தங்கியது உடுவிலில் தமக்கை வீட்டில். புதன்கிழமை காலை வீட்டுக்கு வருவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். செவ்வாய் முழுக்க ரீச்சர் கொட்டகையில் நின்றார். காரைக் கழுவினோம், முனைகளைத் துடைத்து வசிலின் பூசினோம், ஆறு அறைகளிலும் தண்ணீர் பார்த்தோம். படத்தைப் பற்றி அப்போதாவது சொல்லலாம் என்று இரண்டு மூன்று தரம் வாயெடுத்தேன். அவர் டோர்ச் அடித்து, கால் அங்குலம் சரியா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வசிலின் டப்பாவை மூடி வைத்தேன்.

புதன்கிழமை காலை ரீச்சர் உடுத்திருந்த சேலையில் ஓட்டை இல்லை. மாம்பழ நிறத்தில் புதுச்சேலை. தலையில் பூ.

எஞ்சினியர் வாடகைக்கு அமர்த்திய ஒரு ஹயறிங் காரில் வந்து இறங்கினார். தலை நரைத்து, கொஞ்சம் பருத்திருந்தார். கூட ஒருவர் இறங்கினார், யாழ்ப்பாணத்து வியாபாரியாம், காரை வாங்க வந்தவர். எஞ்சினியர் விறாந்தையில் ஏறவில்லை. ரீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து கதிரையில் வைத்தார், அது அங்கேயே ஆறியது. சுகமா என்று அவர் கேட்க, சுகம் என்று இவர் சொன்னார். பிறகு எல்லோரும் கொட்டகைக்குப் போனோம். வியாபாரி உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கார் எழும்பியது.

எஞ்சினியர் சிரித்தார். "பரவாயில்லையே. இவ்வளவு காலமும் ஆர் உந்தப் பற்றரியைப் பார்த்தது?" என்று என்னைக் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார் ரீச்சர். "தட்டுக்கு மேலை கால் அங்குலம் எண்டு."

"நானோ?" என்றார் எஞ்சினியர்.

பொய் சொல்லவில்லை அந்த மனிதர். அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

 ரீச்சர் வியாபாரியைப் பார்த்து, காரை நிற்பாட்டச் சொன்னார். கார் அவருடையது, பற்றரி இரண்டும் தன்னுடையது, தான் வாங்கியது, கழற்றி எடுத்துவிட்டுத்தான் கார் போகும் என்றார். வியாபாரி முணுமுணுத்தார். எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உதுகளை வைச்சு என்ன செய்யப்போறீர்?" என்று கேட்டார்.

"தண்ணி விடுவன்" என்றார் ரீச்சர்.

பலகையைத் தூக்கி வயர்களை அவரே கழற்றினார். முதலாவது பற்றரியை நான் தூக்கினேன். இரண்டாவதைத் தூக்கும்போது கை வழுக்கிச் சரிந்துவிட்டது. மூடியின் துளையால் அசிற் சிந்தி அவருடைய கொய்யகத்தில் விழுந்தது. நான் பதறினேன். அவர் குனிந்து பார்க்கவுமில்லை. சந்தியிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிவந்து காரை வீதிக்குத் தள்ளினார்கள். தட்டையான வீதி, உருளாது, தள்ளத் தள்ளத்தான் போகும். அந்தக் கார் எங்கள் பார்வையைவிட்டு மறைய நெடுநேரம் எடுத்தது. ரீச்சர் படலையைத் திறந்துவிட்டு வழக்கமான இடத்தில் நின்றார். பின்னேரம் பார்த்தபோது மாம்பழ நிறச் சேலையில் ஒருபிடி அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

இனி எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஐப்பசி வந்தது. முதல் மழை பெய்து ஓய்ந்தது. இரண்டாவது மழை இருட்டிக்கொண்டு வந்தபோது ரீச்சர் முற்றத்தில் நாலு கம்பு நட்டு வேட்டியைக் கட்டுவதை வேலிப் பொட்டால் கண்டேன். என் மனைவி வாயில் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். நான் நனைந்துகொண்டே அங்கு போனேன். விறாந்தையில் இரண்டு பற்றரிகளும் ஒரு பலகையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முனைகளில் புது வசிலின்.

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படத்தைச் சொன்னேன், ஏழு வருஷத்தைச் சொன்னேன், காரின் மேல் இருந்த ஆசையால்தான் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அவர் கேட்டு முடியும்வரை போத்தலுக்குள் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அதுக்கு முன்னமே தெரியும், தம்பி" என்றார். "அவரே எழுதினவர், போய் ஆறாம் வருஷம். கடுதாசியை மடிச்சுப் பிடிச்சு வாசிச்சனான் எல்லே, மடிச்ச பக்கத்திலை இருந்தது. அதுக்குப் பிறகு கடுதாசியே வரேல்லை. பழசுகளைத்தான் உமக்கு வாசிச்சனான்."

"ஏன் ரீச்சர் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் கார் ஓட வந்திருக்கமாட்டீர்."

 இனியாவது இதை விட்டுவிடுங்கள், யாருக்காக இந்தத் தண்ணீர் என்று கேட்டேன். காரும் இல்லை, ஆளும் இல்லை.

"விட்டுப்போட்டு ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்யிறது?" என்றார். கோபமில்லாமல், பதில் தெரிந்தால் சொல் என்பதுபோலத்தான் கேட்டார். 

பிறகு உள்ளே போய் ஹைட்ரோமீற்றரையும் அளவு எழுதிவைக்கிற கொப்பியையும் எடுத்துக்கொண்டு வந்தார். இப்போது தனக்குக் கண் பிடிப்பதில்லை, சின்ன எழுத்துத் தெரியவில்லை, ஒருக்கால் பார்த்துச் சொல்லும் என்று குழலை என்னிடம் தந்தார். ஒவ்வொரு அறையாக அசிற்றை உறிஞ்சிப் பார்த்தேன். முதல் பற்றரி பரவாயில்லை, மூன்று அறையிலும் மிதவை ஆயிரத்து இருநூற்று அறுபதுக்குக் கிட்ட நின்றது. இரண்டாவதில், அன்றைக்கு நான் சரித்த பற்றரியில், நடு அறையில் மிதவை அடியோடு கிடந்தது. அசைத்துப் பார்த்தேன், எழும்பவில்லை. அந்த அறை செத்துவிட்டது. இனி அது மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும்.

ரீச்சர் பென்சிலைத் திறந்த பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆயிரத்து இருநூற்று அறுபது" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, ஆயிரத்து இருநூற்று அறுபது என்று எழுதிக்கொண்டார்.